பேசில் செடி: கீழே மொட்டை, உச்சியில் பூ, நடுவில் மஞ்சள் இலை. எங்கே தப்பு செய்கிறேன்?

மாடிவெயில் (கேள்வி)

வணக்கம். ஆறு வாரத்துக்கு முன் ஒரு தொட்டி பேசில் வாங்கினேன், சமையலில் போடும் வாசனை இலைச்செடி, அகல இலை வகை. வந்த அன்று கீரைக்கட்டு மாதிரி அவ்வளவு அடர்த்தி. வாங்கிய தொட்டியோடு அப்படியே ஜன்னலோரம் வைத்துவிட்டேன். காலையில் மூன்று மணி நேரம் வெயில் விழும்.

சமைக்கும்போது அடியில் இருக்கும் பெரிய இலையாகப் பார்த்துப் பறிப்பேன். நுனிக் குருத்து பிஞ்சுதானே, வளரட்டும் என்று அதைத் தொட்டதே இல்லை. இப்போது ஒரு அடி உயரத்துக்குக் குச்சி, உச்சியில் கொஞ்சம் இலை, மூன்று தண்டில் பூ மொட்டு. நடுவில் மிச்சம் இருக்கும் இலை மஞ்சளாகிறது. தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுகிறேன், தட்டில் எப்போதும் கொஞ்சம் நிற்கும். உரம் போதவில்லையோ என்று போன வாரம் ஒரு தேக்கரண்டி போட்டேன். மஞ்சள் கூடியதுதான் மிச்சம். காப்பாற்ற முடியுமா, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

பச்சைப்பானை

மஞ்சள்னா மெக்னீசியம் குறைபாடுதான் தோழி. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கரைச்சு இலை மேல தெளிங்க. என் மிளகாய்ச் செடி ஒரே வாரத்துல பச்சை பிடிச்சுது.

வேர்முடிச்சு

உப்பு கொஞ்சம் பொறுக்கட்டும். ஏற்கெனவே உரம் போட்டு மஞ்சள் கூடியிருக்குன்னு அவங்களே சொல்றாங்க.

மாடிவெயில், மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. மஞ்சள் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, தூசு மாதிரி ஏதாவது படிஞ்சிருக்கா? மண் மட்டத்துல எத்தனை தண்டு தனித்தனியா கிளம்புதுன்னு எண்ணுங்க. அப்புறம் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைக் கட்டியா வெளியே எடுத்து வேரைப் பாருங்க. பயப்பட வேணாம், அஞ்சு நிமிஷம் வெளியே இருந்தா செடி சாகாது.

மாடிவெயில்

ஐயா, எண்ணிவிட்டேன். பதினேழு! இத்தனை நாளும் ஒரே செடி, பல கிளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. வேர்தான் மோசம். தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக்கிடக்கிறது. மேலே வெள்ளை, அடியில் இரண்டு விரல் அளவுக்குப் பழுப்பு. தொட்டால் தோல் உரிந்து வருகிறது. லேசாகச் சாக்கடை வாடை.

வேர்முடிச்சு

அப்போ உங்க செடிக்கு நோய் இல்லை. இட நெருக்கடியும் மூச்சுமுட்டலும்தான். கூடவே கத்தரிக்கோல் பயம், அது உங்களுக்கு.

இப்படித் தொட்டியில விக்கிற பேசில், விதையைக் கொத்தாத் தூவி வளர்த்தது. பார்க்க நிறைவா இருக்கணும், வாங்கினவங்க ரெண்டு மூணு வாரத்துல பறிச்சு முடிச்சிடணும், அதுதான் கணக்கு. நல்லா வளரணும்னா ஒரு செடிக்கு ஒரு சாண் இடமாவது வேணும். உங்ககிட்ட பதினேழு பேர் ஒரு டம்ளர் மண்ணுக்குச் சண்டை போட்டிருக்காங்க. மூணு மணி நேர வெயிலும் பத்தாது, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். வெளிச்சம் தேடித்தான் ஒல்லியா நீண்டிருக்கு.

மஞ்சளுக்கு வருவோம். தட்டுல தண்ணி நின்னா அடி மண்ணுல காற்று இருக்காது, காற்று இல்லாத வேர் அழுகும். அழுகின வேர் மண்ணுல சத்து இருந்தாலும் உறிஞ்சாது. மேல செடி பட்டினி; தன்கிட்ட இருக்கிற தழைச்சத்தைப் பழைய இலையில இருந்து பிடுங்கிக் குருத்துக்கு அனுப்பும். நீங்க பார்க்கிற மஞ்சள் அதுதான். அந்த நேரத்துல உரம் போட்டா மண்ணுல உப்பு ஏறும், இருக்கிற நல்ல வேரும் கருகும்.

இனி முக்கியமான பாவம்: அடி இலையைப் பறிச்சு நுனியை விட்டது. நிறைய பேர் பாசத்துல செய்யறது இது. தண்டை விரல்ல உருட்டிப் பாருங்க, சதுரமா இருக்கும். இலை எதிரெதிரே ஜோடியா வரும். ஒவ்வொரு இலைக்கக்கத்துலயும் ஒரு மொட்டு தூங்கும். நுனிக் குருத்து ஆக்சின்-னு ஒரு வளர்ச்சிப் பொருளைக் கீழே அனுப்பிக்கிட்டே இருக்கும், அது இருக்கிற வரை அந்த மொட்டுகள் கண் திறக்காது. ஒரு ஜோடி இலைக்கு அரை சென்டிமீட்டர் மேல நுனியை வெட்டினீங்கன்னா அந்த ரெண்டு மொட்டும் கிளையாகும். அடுத்த தடவை ரெண்டையும் வெட்டினா நாலு. நீங்க செஞ்சது தலைகீழ். மொட்டுக்குச் சோறு போடற இலையை எடுத்துட்டு, மொட்டை அடக்கி வைக்கிற நுனியை வளர விட்டிருக்கீங்க. அது நேரா ஏறிப் பூவுக்குப் போயிடுச்சு. பேசில் ஓராண்டுச் செடி. பூத்து விதை வெச்சா அதோட வேலை முடிஞ்சுது. புது இலை சிறுத்துப்போகும், ருசியில ஒரு கசப்பு ஏறும்.

மாடிவெயில்

படித்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்யட்டும்?

வேர்முடிச்சு

மண்கட்டியைத் தண்ணியில கால் மணி நேரம் ஊற வெச்சு, மெதுவா நாலு கொத்தாப் பிரிங்க. பதினேழையும் தனித்தனியாப் பிரிக்கணும்னு ஆசைப்படாதீங்க, வேர் கிழிஞ்சிடும். ஒரு கொத்துல திடமான மூணு தண்டை வெச்சுக்கிட்டு மத்ததை மண் மட்டத்துல கத்தரிங்க. இழுத்துப் பிடுங்க வேணாம். பழுப்பு வேர் எல்லாத்தையும் வெட்டிடுங்க. அடியில ஓட்டை உள்ள ஒரு சாண் அகலத் தொட்டி, தோட்ட மண்ணோட தென்னைநார்க் கழிவும் மட்கின எருவும் கலந்தது போதும். தட்டை எடுத்துடுங்க. ஒரு மாசத்துக்கு உரமே வேணாம். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தாத்தான் தண்ணி. நாலு நாள் நிழல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயில்.

கவாத்துல ஒரு எச்சரிக்கை. மொட்டைத் தண்டை ஒரே நாள்ல அடி வரைக்கும் வெட்டிடாதீங்க. இலையே இல்லாத குச்சி பல நேரம் திரும்பத் துளிர்க்காது. இப்போதைக்குப் பூவோட சேர்த்து நுனியை மட்டும் எடுங்க, ஒவ்வொரு தண்டுலயும் ரெண்டு ஜோடி இலையாவது நிக்கட்டும். கீழ்க் கணுவுல பச்சைப் புள்ளி எட்டிப் பார்த்தப்புறம் அதுக்கு மேல வெட்டிக்கலாம். எப்பவுமே ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது.

வெட்டின நுனியையும் வீணாக்காதீங்க. நாலு விரக்கடை நீளம், கணுவுக்குக் கீழே வெட்டு, பூவையும் அடி இலையையும் கிள்ளிட்டுத் தண்ணி டம்ளர்ல நிறுத்துங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க. ஒரு வாரம் பத்து நாள்ல வேர் விடும், ஒரு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு.

அரைக்கோப்பை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் மஞ்சள் பிரச்சினைதான், ஆனால் தொட்டியில் மூன்றே செடி, தட்டும் கிடையாது. மஞ்சள் முழு இலையிலும் இல்லை. நரம்புக்கும் நரம்புக்கும் இடையே பாத்தி கட்டினதுபோல் இருக்கிறது. மேலே சொன்னபடி இலையைத் திருப்பினேன், சாம்பலும் ஊதாவும் கலந்த தூசு. மண் தெறித்ததென்று நினைத்து நேற்று துடைத்தேன், காலையில் மறுபடி இருக்கிறது. நானும் பிரித்து நடட்டுமா?

கணுக்காரி

வேண்டாம், தொடாதீர்கள்! இது வேறு கதை. அடிச்சாம்பல் நோய். மாவு தூவினதுபோல் இலையின் மேல்பக்கம் வருமே, அந்தச் சாம்பல் நோய் அல்ல. இதற்குக் காரணம் பெரோனோஸ்போரா பெல்பஹ்ரி என்ற நுண்ணுயிர். 2001-இல் சுவிட்சர்லாந்தில் தலைகாட்டியது, 2007-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய்விட்டது. அதற்கு இந்தப் பெயர் வைத்ததே 2009-இல்தான்.

நீங்கள் துடைத்தும் காலையில் மறுபடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஈரக்காற்றும் இருட்டும் சேர்ந்தால் இரவில்தான் அது வித்துகளை உண்டாக்கும். சாயங்காலம் இலை நனைய தண்ணீர் ஊற்றினால் விருந்து வைத்த மாதிரி. வித்து காற்றில் பறக்கும், அதனால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். பிடித்த செடியை வேப்பெண்ணெய் குணமாக்காது. செடியின் மேல் மெல்ல ஒரு பையைக் கவிழ்த்து, கட்டி, அப்படியே அப்புறப்படுத்துங்கள். அதிலிருந்து நுனி எடுத்து வேர் விடவைக்காதீர்கள், நோயையும் சேர்த்து நடுவீர்கள். புள்ளி விழாத இலைகளை இன்றே பறித்துச் சமைக்கலாம், இந்த நோய் மனிதர்களைத் தொடாது.

அடுத்த முறை தாங்கும் வகை விதை தேடுங்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய அப்செஷன், டிவோஷன் இரண்டும் அப்படிப்பட்டவை. பிராஸ்பெரா என்று இன்னொன்றும் உண்டு. தாங்கும் என்றால் வரவே வராது என்று பொருள் இல்லை. செடிகளுக்கு நடுவே காற்று புகும் இடைவெளி விட்டு, காலையில், மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

பச்சைப்பானை

எப்சம் உப்பை வாபஸ் வாங்கிக்கறேன். ஒரே மஞ்சளுக்கு இத்தனை காரணமா!

வேர்முடிச்சு

உப்புக்கும் ஒரு வேளை வரும் தம்பி. நரம்பு பச்சையா நின்னு இடையில மட்டும் மஞ்சளாகி, அதுவும் பழைய இலையில ஆரம்பிச்சு, அடிப்பக்கம் சுத்தமா இருந்தா அப்போ உங்க பக்கம் நியாயம். எதுக்கும் முதல்ல இலையைத் திருப்பணும்.

சிறுகொத்து

ஒரு சின்னச் சந்தேகம். பேசில் என்பது துளசிதானா? விதை வேண்டுமென்றால் சப்ஜாவை விதைக்கலாம் என்கிறார்களே?

கணுக்காரி

ஒரே குடும்பம், வேறு இனம். துளசி ஓசிமம் டெனுய்ஃப்ளோரம். பேசில் ஓசிமம் பேசிலிகம், தமிழில் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா அதன் விதைதான், முளைக்கவும் செய்யும். ஆனால் வருவது பெரும்பாலும் சின்ன இலை, சீக்கிரம் பூப்பது, வாசனையும் வேறு. அகல இலை வேண்டுமானால் அந்த வகை விதையே வாங்குங்கள். விதைக்குமுன் ஊறவைக்காதீர்கள், வழவழவென்று ஒட்டிக்கொண்டு விரலை விட்டு இறங்காது. அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்கவும் வேண்டாம். கதகதப்பான மண்ணில் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும்.

மாடிவெயில் (24 நாள் கழித்து)

ஐயா, நாலு கொத்தில் மூன்று பிழைத்தது. ஒன்று இரண்டாம் நாளே தலை சாய்ந்து, பிறகு எழவே இல்லை. டம்ளரில் வைத்த எட்டு நுனியில் ஆறு வேர் விட்டது, முதல் வேர் ஒன்பதாம் நாள். மாடியில் வைத்ததிலிருந்து வெட்டு வேலை சரியாகத்தான் போகிறது. நேற்று முதல் முறையாகக் கை நிறைய அறுவடை!

ஆனால் அதையும் கெடுத்துக்கொண்டேன். கழுவி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன், காலையில் பாதி இலை கறுப்பு. மிச்சத்தை எண்ணெய் விட்டு பெஸ்டோ என்ற பச்சைத் துவையலாக அரைத்தேன், அதுவும் அரை மணியில் சேற்று நிறம்.

கணுக்காரி

பேசில் குளிர் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலைத் திசு சேதமாகிக் கறுக்கும். உங்கள் ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். பூங்கொத்து மாதிரி தண்டோடு தண்ணீர் டம்ளரில் நிறுத்தி, வெயில் படாமல் வெளியே வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். (சில தண்டு வேரே விட்டுவிடும், அப்புறம் சாப்பிட மனசு வராது.)

அரைத்தது கறுப்பது வேறு காரணம். இலையிலிருக்கும் நொதி ஒன்று காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை, வெட்டிய ஆப்பிள் பழுப்பாகிற மாதிரி. கொதிநீரில் பத்து நொடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, ஒட்டப் பிழிந்து அரையுங்கள். பச்சை நிற்கும், வாசனை கொஞ்சம் குறையும். எனக்கு வாசனைதான் முக்கியம், அதனால் முக்காமல் அரைத்து உடனே சாப்பிட்டுவிடுவேன். சமையலிலும் அடுப்பை அணைத்த பிறகே போடுங்கள். அதன் வாசனைக்குக் காரணமான லினலூல், யூஜினால் எல்லாம் ஆவியாகிப் பறக்கிற சரக்கு. காயவைத்தாலும் அதே இழப்புதான். சேமிக்க நினைத்தால் எண்ணெயோடு அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பதே மேல்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பச்சை இலையை எண்ணெய் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா வளர இடம் உண்டு, அதன் நஞ்சு உயிரை எடுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மாடிவெயில்

நல்லவேளை, அப்படி ஒரு பாட்டில் போடத்தான் நினைத்திருந்தேன். கடைசியாக ஒன்று. வெட்டிய இடத்தில் எல்லாம் இரண்டு குருத்து வந்திருக்கிறது, ஒரு தண்டில் மட்டும் ஒன்றுதான். ஏதாவது கோளாறா?

வேர்முடிச்சு

வெட்டு கணுவை ஒட்டிச் சாய்வா போயிருக்கும், ஒரு பக்க மொட்டு சேர்ந்து போயிருக்கும். பரவாயில்லைம்மா, அந்த ஒண்ணு நாலு ஜோடி இலை விட்டதும் ரெண்டாவது ஜோடிக்கு மேல வெட்டுங்க. தழைச்சிடும். வேற ஒரு தண்டை மட்டும் பூக்க விட்டுடுங்க, தேனீ வரும்.