ஊவா மலை, மேல் மலை: த்ரீ-பிஜி கோப்பில் நான் பட்ட பாடு

பண்டாரவளையிலிருந்து:

கம்பஸ் ஆய்வுக்காக எங்கள் பக்கத்து யூக்கலிப்டஸ் தோப்பு ஒன்றை (தோட்டத்து லயத்தில் டர்பன்டைன் மரம் என்றால்தான் புரியும்) த்ரீ-பிஜி என்ற கணினி மாதிரியில் ஓட்ட வேண்டியிருந்தது. 1997இல் லேண்ட்ஸ்பெர்க்கும் வாரிங்கும் வெளியிட்டது, மாதத்துக்கு மாதம் தோப்பின் வளர்ச்சியைக் கணக்கிடும். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: மாதவாரியாகக் கூடிய குறைந்த வெப்பநிலை, மழை, சூரியக் கதிர்வீச்சு, மண் வகை, ஹெக்டேயருக்கு எத்தனை மரம். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன், இரண்டு மாதம் போனது.

கையில் நுவரெலியா மழைத் தரவு இருந்தது, மலைநாடுதானே என்று அதையே போட்டுவிட்டேன். ஜூன், ஜூலையில் தோப்பு தண்ணீரில் மிதக்கிற மாதிரி முடிவு வந்தது. அம்மாவிடம் சும்மா சொன்னதற்கு, "ஆடி மாசத்துல நம்ம பக்கம் பீலித் தண்ணிக்கு வரிசை நிக்கிறது மறந்துபோச்சா?" என்று கேட்டார். தென்மேற்குப் பருவமழை நுவரெலியா இருக்கிற மேல் மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும், எங்கள் ஊவாப் பக்கம் வெறும் காற்றுதான் வரும். எங்களுக்கு மழை ஒக்டோபருக்கு அப்புறம். பிறந்து வளர்ந்த ஊர், எனக்கே தோன்றவில்லை.

சரி என்று தோட்டத்து ஆபிஸில் பழைய மழைப் புத்தகத்தை வாங்கி முழுவதையும் தட்டச்சு செய்தேன். இப்போது மரம் வளரவே இல்லை. புத்தகத்தில் இருந்தது அங்குலம், மென்பொருள் எதிர்பார்த்தது மில்லிமீற்றர். 25.4ஆல் பெருக்காமல் விட்டதால் ஊவாவைப் பாலைவனமாக்கி வைத்திருந்தேன், அது ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் ஓடி முடிந்தது!

இன்னொன்று. ஆஸ்திரேலிய மாதிரிக் கோப்பை வைத்துத் தொடங்கியதில் அகலாங்கின் முன்னால் தென்கோளத்துக்கான கழித்தல் குறி அப்படியே நின்றுவிட்டது. அதைத் திருத்தியும் முடிவு பெரிதாக அசையவில்லை, ஏனென்றால் 7 பாகையில் ஆண்டு முழுதும் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான்.

ஹட்டனிலிருந்து:

தம்பி, எனக்கு மழை சரியாக இருந்தது, மரக் கணக்குதான் கவிழ்த்தது. நட்ட காலத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் "450 மரம்" என்றார். அவர் சொன்னது ஏக்கருக்கு, நான் போட்டது ஹெக்டேயருக்கு. மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் இடைவெளி என்றால் ஹெக்டேயருக்கு 1,111 வர வேண்டும், அதையாவது யோசித்திருக்கலாம். மாதிரி தண்டின் மொத்த எடையை மரங்களுக்குப் பிரித்துத்தான் விட்டத்தைச் சொல்கிறது, அதனால் ஒவ்வொரு மரமும் பூதம் மாதிரி பருத்து வந்தது. அதைவிட வேடிக்கை, ஒப்பிட நாங்கள் நாடா பிடித்து எடுத்தது சுற்றளவு. 3.14ஆல் வகுக்காமலே விட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, அட, ஓரளவு பொருந்துகிறதே என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புட்டளையிலிருந்து:

நான் ஆர் நிரல்மொழியில் இதே மாதிரியை ஓட்டும் ஆர்3பிஜி தொகுப்பைப் பயன்படுத்தினேன் அண்ணா. தொடக்க மாதத்தை 2005-06 என்று எழுத வேண்டும். எக்செலில் திறந்து சேமித்ததும் அது தானாக ஜூன்-05 ஆகிவிட்டது, மூன்று நாள் ஆரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நோட்பேடில் மட்டும்தான் திறக்கிறேன். சூரியக் கதிர்வீச்சையும் பாருங்கள்: கேட்பது ஒரு நாளைக்குச் சதுர மீற்றருக்கு மெகாஜூல், எனக்குக் கிடைத்தது கிலோவாட் மணி, 3.6ஆல் பெருக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணா, சுற்றளவுக் கதையைப் படித்துவிட்டு என் நாடாக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன், நல்ல வேளை, வகுத்திருக்கிறேன். நேற்று எல்லாம் திருத்தி ஓட்டியதில் விட்டம் பக்கத்தில் வருகிறது. மண்வள எண் மட்டும்தான் பாக்கி. 0 முதல் 1 வரை ஏதாவது ஒன்று போடச் சொல்கிறது, 0.4 போட்டால் ஒரு கதை, 0.6 போட்டால் வேறு கதை. தேயிலைச் செடியைப் பிடுங்கிய பழைய மண்ணுக்கு உங்களில் யாராவது என்ன போட்டீர்கள்?