வேலையிடத்தில் சாட்சி சொல்வது, ஆள் பிடிக்கிற மாதிரித் தெரியாமல் எப்படி?

உடுவில் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாண ரவுணில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். பிறந்ததிலிருந்தே நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். என் கேள்வி சாட்சி சொல்வதை, அதாவது யேசு எனக்குச் செய்ததை மற்றவர்களிடம் சொல்வதைப் பற்றியது, ஆனால் சபையில் மைக் பிடித்துச் சொல்கிற சாட்சி இல்லை.

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். எல்லை வேலியின் கதியாலை (வேலிக் கம்பை) தள்ளி நட்டதில் தொடங்கிய பிரச்சினை கோட்டு வரைக்கும் போய், வேலியில் போய்வர விட்டிருந்த பொட்டு வழியையும் தகரம் வைத்து அடைத்து, கடைசியில் அப்பாவின் செத்த வீட்டில்கூட முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு ஆலயத்தில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தால் எனக்கு வாய் நின்றுவிடும். மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள், நான் அடுத்த வரியில்தான் போய்ச் சேருவேன். எத்தனையோ மாதம் இப்படித்தான். ஒரு நாள் பின்னேரம் புட்டும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு ரோட்டால் சுற்றிப் போய் அவர்கள் படலையைத் திறந்தேன். சித்தி ஒன்றும் சொல்லாமல் சட்டியை வாங்கினா. இப்போது இரண்டு வீடும் கதைக்கிறோம், வழக்கையும் சமாதானமாக முடித்துக்கொண்டோம்.

பக்கத்து மேசையில் இருக்கிற அக்கா, சைவம், நல்ல மனுசி. அவவுக்கும் சொந்தத் தங்கச்சிக்கும் கனகாலமாகக் கதை பேச்சில்லை. போன கிழமை சாப்பாட்டு நேரம், "எப்படியடி உன்னால அந்தப் படலையத் திறக்க முடிஞ்சது?" என்று கேட்டா. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது, ஆறுதலாகச் சொல்கிறேன் என்று எழும்பினேன். கட்டாயம் திரும்பக் கேட்பா.

யேசுவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்க் கதை. அவரைச் சொன்னால், "வேதக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்" என்று நினைப்பாவோ என்று பயம். அம்மாவோ வேலை செய்கிற இடத்தில் சமயக் கதையே வேண்டாம் என்கிறா. நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

---

மானிப்பாய் வாத்தியார்:

பிள்ளை, அவ கேட்டிருக்கிறா. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. 1 பேதுரு 3:15 சொல்வதும் இதைத்தான்: உங்களிடம் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. கேட்காதவனைத் துரத்திப் பிடித்துச் சொல் என்று அங்கே இல்லை. சாந்தத்தோடு என்றதைத்தான் எங்கள் ஆட்கள் பல பேர் வாசிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

யோவான் 9ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை எடுத்து வாசித்துப் பாருங்கள். பரிசேயர் குறுக்கு விசாரணை செய்கிறார்கள், அந்தப் பிறவிக் குருடனுக்கு வேதசாஸ்திரம் ஒன்றும் தெரியாது. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்று விடுகிறான். சாட்சி என்றால் இவ்வளவுதான். தன் கண்ணுக்கு நடந்ததை அவன் சொன்னான், மற்றவன் கண்ணைப் பற்றி அங்கே அவன் வாயே திறக்கவில்லை. நீங்களும் அந்த ஜெபத்தில் வாய் நின்றதைச் சொல்லுங்கள். அது உங்களுக்கு நடந்தது, யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்று. விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது, உண்மைதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் உரிமையைப் பற்றி என்ன கதை? அந்த அக்காவுக்கு உங்களில் நம்பிக்கை இருக்கிறது, அதைப் பாருங்கள்.

---

சந்நிதியான்:

நான் சைவம். இந்தப் பக்கம் வாசிக்கிறதோடு சரி, இன்றைக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

எங்களுக்கு எது நோகிறது என்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆசுபத்திரிக் கட்டிலில் எழும்ப ஏலாமல் கிடக்கிற மனுசனிடம் வந்து துண்டுப்பிரசுரம் நீட்டுவது, செத்த வீட்டில் அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் "உங்கட சாமி காப்பாத்தினதோ" என்று கேட்பது, சண்டைக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் நின்ற சனத்துக்குச் சாமானோடு சேர்த்துக் கூட்டத்துக்கும் அழைப்புக் கொடுப்பது. அப்போது மறுத்துச் சொல்ல எங்களால் முடியாது. முடியாத நேரம் பார்த்து வருகிறார்கள் என்ற எண்ணம் ஒருமுறை மனதில் விழுந்தால் பிறகு யார் என்ன நல்லது சொன்னாலும் சந்தேகம்தான்.

மற்றபடி கேட்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். 1850இல் அது அச்சில் வந்தது. வரிவரியாகப் படித்தவர், சைவராகவே நின்றார். கேட்பது வேறு, மாறுவது வேறு, இந்த மண்ணுக்கு இது புதிதில்லை.

தங்கச்சி, நீங்கள் சொல்கிற கதையை நான் என்றால் ஆசையோடு கேட்பேன், யேசுவின் பெயரோடுதான். ஆனால் சொல்லி முடிந்ததும் நானும் என் அம்மா செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வைத்த நேர்த்தியைப் பற்றிச் சொல்வேன். அப்போது முகம் மாறாமல் கேட்பீர்களா? அந்த அக்காவும் அதைத்தான் பார்ப்பா.

---

சுன்னாகம் மேசன்:

சந்நிதியான் அண்ணா சொன்னது சரி, கட்டிலில் கிடக்கிறவனிடம் போவது தப்பு. ஆனால் ஒரு விசயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் பயந்து பயந்து, நல்லவனாக நடந்தால் போதும், வாழ்க்கையே சாட்சி, வாய் திறக்கத் தேவையில்லை என்று போகிறார்கள். நான் சைவ வீட்டிலிருந்து வந்தவன். என்னோடு கட்டட வேலைக்கு நின்ற ஒரு அண்ணன் குடியை விட்டவர். சம்பள நாளில் எல்லோரும் தவறணைக்குப் போக அவர் மட்டும் சைக்கிளைத் திருப்பி வீட்டுக்குப் போவார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல மனுசன் என்று நினைத்தேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் சாந்து குழைத்துக்கொண்டிருக்கும்போது நானே கேட்டேன், அவர் யேசு என்று பெயர் சொல்லிச் சொன்னார். அவர் அன்றைக்கு "சும்மா விட்டிட்டன் தம்பி" என்று சொல்லியிருந்தால் அவரைப் புகழ்ந்துவிட்டு நான் தவறணைக்கே போயிருப்பேன். பிரசங்கிக்கிறவனில்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பவுல் ரோமர் 10இல் கேட்கிறாரே.

ஆகவே அக்கா, பெயரை விழுங்காதீர்கள். அவர் என்னைச் சபைக்கு வா என்று கூப்பிடவேயில்லை, நான்தான் பிறகு எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் போனேன்.

---

குருநகர் அக்கா:

நாங்கள் கத்தோலிக்கர், எங்களிடம் சாட்சி சொல்கிற பழக்கம் இந்த மாதிரி இல்லை. ஆனால் விசுவாசம் வாய்ச்சொல்லால் வீடு வீடாக நின்றதற்கு எங்களுக்கும் கதை உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேசத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சுகமில்லாமல் தெருவில் விழுந்து, இங்கத்தைச் சனம் பார்த்துத்தான் எழும்பினார். கொடுக்கக் கையில் எதுவும் இல்லாத மனுசன். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார்.

பிள்ளை, எல்லோரும் யேசுவைச் சொல்வதா விடுவதா என்று கதைக்கிறார்கள், எனக்குச் சித்தப்பாவை நினைத்துத்தான் யோசனை. இது யாழ்ப்பாணம். நீ மத்தியானம் சொல்வது பொழுதுபடுவதற்குள் அவர்கள் குசினிக்குப் போய்விடும். "என்ர சாட்சி" என்று சொல்லி மற்றவனுடைய குற்றத்தை ஊருக்கு அவிழ்த்துவிடக் கூடாது. கதியாலை யார் தள்ளினது, கோட்டில் யார் என்ன சொன்னது, ஒன்றும் வேண்டாம். உன் மனம் எப்படிக் கிடந்தது, எப்படி மாறியது, அது மட்டும்.

---

உடுவில் பிள்ளை:

சித்தப்பா விசயம் எனக்குத் தோன்றவேயில்லை அக்கா, மிகவும் நன்றி. சந்நிதியான் அண்ணா, கேட்பேன். உண்மையாகவே கேட்க ஆசை.

இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அக்கா, எனக்கும் சித்தப்பா வீட்டுக்கும் மனக்கசப்பு இருந்தது. நாங்கள் யேசு சொல்லித் தந்த ஒரு ஜெபம் சொல்வோம், அதில் மற்றவர்களை மன்னிக்கிறதுபோல என்னையும் மன்னியும் என்று வரும். எனக்கு அந்த இடத்தில் வாய் வராது. யேசு என்னை மன்னித்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டு நான் இப்படி இருக்கிறேனே என்று அவரிடமே அழுதேன். போக எனக்குத் துணிவு இருக்கவில்லை, அவர்தான் தந்தார். நீங்களும் அவரிடம் கேட்டால் உங்கள் தங்கச்சி விசயத்திலும் வழி திறப்பார்."

---

மானிப்பாய் வாத்தியார்:

நல்லாயிருக்கிறது. கடைசி வசனத்தை மட்டும் வெட்டுங்கள் பிள்ளை. அவ உங்களுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டா, தங்கச்சியை அவவே கதைக்கு எடுக்கட்டும். எடுத்தால் அன்றைக்கு நீங்கள் கதைக்க வேண்டாம், அவ சொல்வதை முழுக்கக் கேளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று பிறகு கேட்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அடுத்த நாளும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள்.

---

சந்நிதியான்:

வாத்தியார் சொன்னபடி செய்யுங்கள் தங்கச்சி. அந்தக் கடைசி வசனம் வந்தவுடன் எனக்கும் முகம் சுருங்கியது, அதுவரைக்கும் கூடவே வந்துகொண்டிருந்தேன்.