கஜாவில் விழுந்த தென்னைக்கு நிவாரணம் வந்தது, சவுக்குக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: பேராவூரணிக்காரன்

வணக்கம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பும் அதை ஒட்டி ஒரு ஏக்கர் சவுக்குக் கொல்லையும் இருந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இரண்டையுமே சாய்த்துவிட்டது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அப்பாவின் கணக்கில் வந்து சேர்ந்தன. சவுக்கை எண்ணிப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை. முன்பணம் கொடுத்திருந்த மர வியாபாரிக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மீண்டும் சவுக்கு வைக்க நினைக்கிறோம். மரப்பயிருக்கும் மரம் வெட்டும் தொழிலுக்கும் பேரிடர் நிவாரணத்தில் இடம் உண்டா?

பதில் 1: தோப்புக்காரர்

நாம் இழப்பீடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அரசாணையில் அதன் பெயர் இடுபொருள் மானியம். அதாவது, போன மரத்தின் விலையை அரசு தருவதில்லை, அடுத்த சாகுபடியைத் தொடங்கக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு, ஹெக்டேருக்கு மானாவாரி என்றால் 8,500 ரூபாய், பாசனம் என்றால் 17,000, பல்லாண்டுப் பயிர் என்றால் 22,500, அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். கஜா காலத்தில் பல்லாண்டுப் பயிருக்கு 18,000 ரூபாய்தான் விதி. தென்னைக்கு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய் கொடுத்தது மாநில அரசு தனியாக அறிவித்த சலுகை. அப்படியொரு தனி அறிவிப்பு சவுக்குக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மரம் வெட்டும் தொழிலுக்கோ மர வியாபாரத்துக்கோ அந்தப் பட்டியலில் இனமே கிடையாது. மீனவரின் படகுக்கும் நெசவாளரின் தறிக்கும் உண்டு.

பதில் 2: மரக்கடை

நானும் அந்தப் புயலில் முன்பணம் இழந்தவன்தான். நட்டு நாலாவது வருடச் சவுக்கு இடுப்பளவில் முறிந்து கிடந்தது. கழியாகப் போயிருக்க வேண்டியது ஆறடித் துண்டுகளாகி விறகு விலைக்குப் போயிற்று. போதாததற்கு ஊரெல்லாம் தென்னை கிடந்ததால் அறுப்பு ஆளும் கிடைக்கவில்லை, வாங்குவாரும் இல்லை. நில உரிமையைக் காட்டும் சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது. என் கையில் இருந்ததோ ஒரு பத்திரத்தாள் மட்டும். இப்போதெல்லாம் புயலில் விழுந்தால் முன்பணத்தில் பாதி திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்காமல் நான் கொல்லைக்குள் கால் வைப்பதில்லை.

பதில் 3: குத்தகைதாரர்

தனி அறிவிப்பு வந்தாலும் கணக்கெடுப்பவர் முதலில் பார்ப்பது அடங்கலைத்தான், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராமக் கணக்கை. எங்கள் சவுக்குக் கொல்லை அதில் பல வருடம் தரிசு என்றே இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. கோயில் நிலத்தில் பயிர் செய்பவர்கள் 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் சாகுபடி தங்களுடையது என்று காட்ட வழியுண்டு. வாய்மொழிக் குத்தகை என்றால் பணம் நில உரிமையாளருக்கே போய்விடும்.

பேராவூரணிக்காரன்

மிக்க நன்றி ஐயா. நேற்றே அடங்கல் எடுத்துப் பார்த்தேன். மூன்று ஏக்கரும் தென்னை என்றே இருக்கிறது; பட்டாவோ இன்னும் தாத்தா பெயரில். கன்று வாங்குவதற்கு முன் தாலுகா அலுவலகம் போகிறேன்.