கியர்பாக்ஸ் மாற்றியபின் ஆர்பிஎம் ஏறவில்லை, புரொப்பெல்லரை என்ன செய்வது?

மும்பையில் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது சொல்லுங்கள். கேட்வே பக்கம் நிற்கும் 30 அடி பாய்மரப் படகு, யான்மார் 2ஜிஎம்20 இன்ஜின். பழைய கேஎம்2பி கியர்பாக்ஸில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததால், மழைக்காலத்தில் கரையேற்றியபோது வேறு மாற்றினோம். இருந்தது 2.62 விகிதம் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 2.62 சுற்று), கிடைத்தது 2.21தான். புரொப்பெல்லர் பழையதே: மூன்று இதழ், 15 அங்குல விட்டம், 10 அங்குல பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம்).

நியூட்ரலில் ஜோராக ஏறுகிறது. முன் கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால் 2800-ஐத் தாண்டாமல் முக்குகிறது, 3600 வர வேண்டிய இன்ஜின். கரும்புகை வேறு, படகின் பின்பக்கமெல்லாம் கரி. ரிவர்ஸில் மட்டும் பழைய மாதிரியே போகிறது. ரிவர்ஸ் விகிதம் பழைய, புதிய இரண்டு பெட்டியிலும் 3.06 என்பதால் இன்ஜின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இருந்தாலும் டீசல் ஃபில்டர் மாற்றி, எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றிக் கரி சுரண்டி, த்ராட்டில் கேபிள் கடைசி வரை இழுக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. அடியில் சிப்பி இல்லை. மெக்கானிக், ஓடுகிறதே விடுங்கள் என்கிறார். சரி, இப்படி ஓவர்லோடில் எத்தனை நாள் ஓடும்?

3600-இல் ஷாஃப்ட் முன்பு சுமார் 1375 சுற்று, இப்போது 1630 சுற்ற வேண்டும். இதே புரொப்பெல்லரில் பிட்சை 8-க்குக் குறைத்தால் போதுமா, இல்லை விட்டமும் குறைந்த புதியது வாங்க வேண்டுமா?