உரிமக் கட்டணம் மிச்சமாவதுதான் திறமூல மென்பொருளின் பயனா?

கேள்வி

வணக்கம். 40 பேர் பணிபுரியும் எங்கள் நிறுவனத்தின் கணக்கும் சரக்கிருப்பும் உரிமம் பெற்ற ஒரு தரவுத்தளத்தில் இயங்குகின்றன. சேவையகத்தை 8 கோரிலிருந்து (செயலியின் கணிப்பகுதி) 16 கோருக்கு மாற்றியதற்கே இவ்வாண்டு உரிமக் கட்டணம் இருமடங்காகிவிட்டது. பயனர் எண்ணிக்கையோ கூடவில்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) மாறலாம் என்றேன். "இலவசமாகக் கிடைப்பதை நம்பித் தொழில் நடத்துவதா?" என்று மேலாளர் கேட்கிறார். பணம் மிச்சமாகும் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

மறுமொழி 1

பணத்தை முதல் காரணமாகச் சொல்லாதீர்கள். மாறும் ஆண்டில் செலவு கூடவும் வாய்ப்புண்டு. தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் நிரல்களைத் திருத்த வேண்டும்; ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சரத்தையும் (எழுத்தே இல்லாத உரை) 'நல்' மதிப்பையும் (மதிப்பே இல்லை என்னும் குறி) ஒன்றாகக் கருதும், போஸ்ட்கிரெஸ் அவற்றை வேறுபடுத்தும். தொலைபேசி எண் இல்லாத வாடிக்கையாளர்களைப் பட்டியலிடும் ஓர் அறிக்கை இந்த வேறுபாட்டால் எங்களிடம் ஒரு வாரம் வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது.

விற்பனையாளர் மனம் மாறினாலும் உங்கள் தொழில் நிற்காது என்பதே உண்மையான பயன். மைஎஸ்கியூஎல் என்ற திறமூலத் தரவுத்தளத்தை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போவதாக 2009இல் அறிவித்தபோது, மைஎஸ்கியூஎல்லின் மூலநிரலிலிருந்தே மரியாடிபி என்ற தனித் தரவுத்தளம் கிளைத்தது. 2024இல் ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் உரிமத்தை மாற்றியதும் சில நாள்களிலேயே அதன் மூலநிரலிலிருந்து வால்கீ உருவாயிற்று. மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் இவற்றின் பயனர்களுக்குக் கட்டணத்தைக் கட்டுவதையோ எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதையோ தவிர வேறு வழி இருந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. அதன் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கின்றன, ஆதரவுச் சேவையையும் பல நிறுவனங்கள் போட்டியிட்டு விற்கின்றன. உங்கள் மேலாளருக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டுமென்றால் அந்தச் சேவையை வாங்கிக்கொள்ளலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மூலநிரல் எல்லோருக்கும் தெரிவதால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று மட்டும் மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலகத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல நிரலகத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த கள்ளவழியைக் கண்டறிந்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் போஸ்ட்கிரெஸை உருவாக்குவோரில் ஒருவர். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமானதைக் கவனித்து அதைத் துருவிப் பார்த்தவர் அவர். தேடிப் பார்க்க வழி திறந்திருந்தது என்பது பெரிய பயன்தான், எனினும் தேடுவதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. உங்கள் நிறுவனத்தில் பாதுகாப்புத் திருத்தங்களை உரிய நேரத்தில் நிறுவுபவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 3

உரிமம் பற்றிச் சுருக்கமாக: போஸ்ட்கிரெஸின் உரிமம் தளர்வானது; நீங்கள் செய்யும் மாற்றங்களை வெளியிட வேண்டியதில்லை. ஜிபிஎல் என்ற கடுமையான திறமூல உரிமத்தில் வரும் மென்பொருளையும் நிறுவனத்துக்குள் பயன்படுத்துவதற்கு அக்கட்டாயம் இல்லை, பிறருக்கு வழங்கும்போதுதான் எழும். அதன் மற்றொரு வகையான ஏஜிபிஎல் மட்டும் வேறு. அந்த உரிமத்தில் வரும் மென்பொருளை மாற்றி வலையமைப்பு வழியாகப் பிறருக்குச் சேவையாகத் தருவதற்கு முன் உரிமத்தை வரிவரியாகப் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சரக்கிருப்பை மட்டும் முதலில் மாற்றி, ஒரு மாதக் கணக்கு முடியும்வரை பழையதையும் புதியதையும் இணையாக ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

மறுமொழி 1

ஒரு மாதம் போதாது. ஆண்டிறுதியில் மட்டும் ஓடும் அறிக்கைகளைச் சென்ற ஆண்டுத் தரவின்மேல் இப்போதே ஓட்டி, இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டுவிடுங்கள்.