சின்ன மின்கார்: மாதச் செலவும் ஓடும் தூரமும், சிங்கப்பூர்க் கணக்கு

பொங்கோல் வாசி

சின்ன மின்காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். துவாஸிலிருந்து சாங்கி வரை போனாலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். இந்த ஊரில் தூரம் இரண்டாவது கேள்வி. இரவில் கார் எங்கே நிற்கும், அங்கே யூனிட் என்ன விலை, இதுதான் முதல் கேள்வி. ஓட்டிப் பழகியவர்கள் எண்களோடு எழுதுங்கள். முதல் கணக்கை நானே வைக்கிறேன்.

எடுத்துக்கொண்டது பிஒய்டி டால்ஃபின். 44.9 யூனிட் மின்கலம், 70 கிலோவாட் மோட்டார். யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, வீட்டு மின்கட்டண ரசீதில் வருகிற அதே யூனிட்தான். நம் சாலையில் ஏர்கான் போட்டு ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 13 முதல் 15 யூனிட் ஆகும். 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது காரின் திரை காட்டும் எண். ஏசி (மாறுதிசை மின்சாரம்) சார்ஜரில் போடும்போது காருக்குள் இருக்கும் மாற்றி அதை டிசி (நேர்திசை மின்சாரம்) ஆக்குகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஆக, நாம் காசு கொடுப்பது 15.5 யூனிட்டுக்கு. திரையில் வருவதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு மாதக் கடைசியில் ரசீது ஒத்துப்போகாமல் இருப்பது இதனால்தான்.

தரைவீட்டில் சொந்தச் சார்ஜர் என்றால், 2025 கட்டணப்படி ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு. 100 கிலோமீட்டருக்கு 4.65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி) கார்ப்பேட்டையில் ஏசி சார்ஜர் 60 காசு என்று வைத்தால் 9.30 வெள்ளி. டிசி விரைவுச் சார்ஜரில் ஏசியை மாற்றும் வேலை சார்ஜருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, அந்த இழப்பு பெரும்பாலும் நம் ரசீதில் ஏறாது. 100 கிலோமீட்டருக்கு 14.5 யூனிட், யூனிட் 75 காசு என்றால் 10.90 வெள்ளி. இதே அளவு பெட்ரோல் கார் 7 லிட்டர் குடிக்கும். தள்ளுபடி போக லிட்டர் 2.40 என்றால் 16.80 வெள்ளி.

கணக்கப்பிள்ளை

அண்ணே, கணக்கு சரி. ஆனால் சாலை வரியைச் சேர்க்காமல் இதை யாரிடமும் காட்டாதீர்கள். கார் வாங்கிய பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

மின்காருக்குச் சாலை வரி மோட்டாரின் கிலோவாட்டை வைத்து வருகிறது. 30 முதல் 230 கிலோவாட் வரை ஆறு மாத வரி இப்படி: கிலோவாட்டிலிருந்து 30-ஐக் கழித்து, 3.75-ஆல் பெருக்கி, 250 கூட்டி, மொத்தத்தை 0.782-ஆல் பெருக்க வேண்டும். 70 கிலோவாட்டுக்கு 312.80 வெள்ளி. அதன் மேல் ஆண்டுக்கு 700 வெள்ளி நிலையான கூடுதல் கட்டணம், ஆறு மாதத்துக்கு 350. மின்கார் பெட்ரோல் தீர்வை கட்டுவதில்லை என்பதால் அதற்கு ஈடாக வைத்தது இது. 2021ல் 200, 2022ல் 400, 2023 முதல் 700. மொத்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,326 வெள்ளி. 1.6 லிட்டர் பெட்ரோல் காருக்கு 742 வெள்ளிதான். வித்தியாசம் 584.

இதை ஓட்டித்தான் மீட்க வேண்டும். வீவக சார்ஜரில் 60 காசுக்குப் போடுகிறவருக்கு கிலோமீட்டருக்கு ஏழரைக் காசு மிச்சம். 584 வெள்ளியை மீட்கவே 7,800 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 15,000 ஓடுகிறவருக்கு வரி போகக் கையில் நிற்பது 540 வெள்ளி. தரைவீட்டுக்காரருக்கு 1,238. டிசியையே நம்பி இருப்பவருக்கு 305. பெட்ரோலிலோ மின்சாரத்திலோ பத்துக் காசு மாறினால் இந்த எண்களும் மாறும், உங்கள் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் மட்டும் காரை எடுத்து, பொதுச் சார்ஜரில் போட்டு, ஆண்டுக்கு 6,000 ஓட்டுகிறவர் "எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று மின்கார் வாங்கினால் கைநட்டம்தான். அவர் வேறு காரணத்துக்காக வாங்கலாம், அது வேறு.

கிலோவாட்டைப் பற்றி இன்னொன்று. 2022 மே முதல் 110 கிலோவாட் வரையுள்ள மின்கார்கள் சின்னக் கார்களுக்கான 'ஏ' பிரிவு சிஓஇயில் (வாகன உரிமைச் சான்றிதழ்) வருகின்றன. அதனால் ஒரே மாடலை இரண்டு சக்தியில் விற்கிறார்கள். 110 கிலோவாட்டுக்குச் சாலை வரி 1,560 வெள்ளி. ஊருக்குள் ஓட்ட 70 கிலோவாட் தாராளம்.

செங்காங் இரவுச் சார்ஜர்

வீவகவில் குடியிருப்பவர்களுக்கு நடைமுறையில் எங்கே இடிக்கிறது என்று எழுதுகிறேன்.

ஆண்டுக்கு 15,000 என்றால் ஒரு நாளைக்கு 41 கிலோமீட்டர். 44.9 யூனிட்டில் 100-லிருந்து 15 விழுக்காடு வரை ஓட்டினால் 270 கிலோமீட்டர் வரும். வாரம் ஒரு முறை போட்டால் போதும், கடைசி நாள் கொஞ்சம் இழுபறியாக இருக்கும். 38 யூனிட் ஏற்ற, 7 கிலோவாட்டில் ஆறு மணி நேரம்.

இந்த ஆறு மணி நேரம் எப்போதும் ஆறாக இருக்காது. கார்ப்பேட்டைக்கு வரும் மின்சாரத்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு. ஐந்தாறு கார் ஒன்றாகச் செருகினால் சில இடங்களில் சார்ஜர்கள் சக்தியைப் பங்கு போட்டுக்கொள்ளும். 3.5 கிலோவாட்டுக்கு இறங்கினால் அதே வேலை பன்னிரண்டு மணி நேரம் ஆகும். செருகிய பத்தாவது நிமிடத்தில் செயலியைத் திறந்து எத்தனை கிலோவாட் ஏறுகிறது என்று பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கார் வேண்டும் என்றால் இரவு ஒன்பதுக்கே தெரிந்துவிடும், போதுமா போதாதா என்று.

22 கிலோவாட் சார்ஜரைக் கண்டதும் வேகமாக ஏறும் என்று நினைக்க வேண்டாம். காருக்குள் இருக்கும் மாற்றி ஒற்றைமுனை 7 கிலோவாட் என்றால் அங்கேயும் 7தான் ஏறும்.

காசைப் பிடுங்குவது இருப்புக் கட்டணம். சார்ஜ் முடிந்த பிறகும் கேபிளைக் கழற்றாமல் விட்டால், சலுகை நேரம் கழிந்ததும் நிமிடக் கணக்கில் ஏறும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. இரவு நேரத்தில் அதை வாங்காத நிறுவனங்களும் உண்டு, வாங்குகிற நிறுவனங்களும் உண்டு. போடுமுன் படித்துவிடுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: காரின் திரையில் "இரவு 1 மணிக்கு ஆரம்பி" என்று நேரம் வைத்திருந்தால், பொதுச் சார்ஜரில் செருகியதும் கார் மின்சாரத்தை வாங்காது. சார்ஜர் சில நிமிடம் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று கணக்கை மூடிவிடக்கூடும். காலையில் வந்தால் மின்கலம் 20 விழுக்காட்டில் அப்படியே நிற்கும், இருப்புக் கட்டணம் மட்டும் ஏறியிருக்கும். பொதுச் சார்ஜரைப் பயன்படுத்துகிறவர்கள் காரில் நேர அமைப்பை அணைத்தே வைத்திருங்கள்.

நிலத்தடிக் கார்ப்பேட்டையில் கைப்பேசிக்கு அலை கிடைக்காமல் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். அட்டை கொடுக்கும் நிறுவனம் என்றால் ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். கேபிள் கழலவில்லை என்றால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். செயலியில் நிறுத்துங்கள், காரை ஒருமுறை பூட்டித் திறவுங்கள், பூட்டு விடுபடும் 'டக்' சத்தம் கேட்டபின் நேராக இழுங்கள். அப்படியும் வராவிட்டால் பல கார்களில் கையால் விடுவிக்கும் கயிறு ஒன்று உண்டு. அது எங்கே என்று கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள்.

தேக்காவில் சாமான் வாங்கும் முக்கால் மணி நேரத்துக்கு 7 கிலோவாட்டில் செருகினால் ஏறுவது 35 கிலோமீட்டருக்குத்தான். அதற்காக இடம் தேடிச் சுற்றுவது வீண்.

உட்லண்ட்ஸ் அக்கா

தூரத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இங்கே தூரத்தைத் தின்பது வேகம் இல்லை, நிற்பதுதான். ஏர்கான் ஒரு நிலைக்கு வந்த பிறகு 1.2 கிலோவாட் எடுக்கும், திரை, பம்பு எல்லாம் சேர்த்து 1.5. இது மணிக்கணக்கில் ஓடுகிற செலவு, கிலோமீட்டர் கணக்கு அதற்குத் தெரியாது. பிஐஇ விரைவுச்சாலையில் 80ல் போனால் 100 கிலோமீட்டருக்கு இதன் பங்கு 2 யூனிட்டுக்கும் கீழே. 20ல் ஊர்ந்தால் அதே பங்கு ஏழரை யூனிட். மாலை நெரிசலில் மட்டும் ஓட்டுகிறவரின் திரை 18 காட்டுவதும் விரைவுச்சாலைக்காரரின் திரை 13 காட்டுவதும் இதனால்தான், காரில் கோளாறு இல்லை.

தீபாவளி நேரத்து நீண்ட வாரயிறுதியில் மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் நிற்க நேர்ந்தால் 4.5 யூனிட், மின்கலத்தில் பத்து விழுக்காடு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 25 விழுக்காட்டோடு ஜொகூரிலிருந்து திரும்பக் கிளம்பாதீர்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது முக்கால் டாங்கி பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி மின்காருக்குப் பொருந்தாது, நிரப்பிக்கொண்டு போவதும் போகாததும் நம் பொறுப்பு. விஇபி (மலேசியாவுக்குள் போக வாகன நுழைவு அனுமதி) மட்டும் மின்காருக்கும் வேண்டும்.

மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. அந்த வேகத்தில் சின்னக் கார் 17, 18 யூனிட் இழுக்கும். முழுச் சார்ஜில் 250 கிலோமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 விழுக்காடு மிச்சம் வைத்தால் 210. மலாக்கா போக ஒரு நிறுத்தம் நிச்சயம். கேஎல் (கோலாலம்பூர்) போக இரண்டு. 95ல் போனால் 15 யூனிட்டுக்கு இறங்கும். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது அதற்கு அடுத்த சார்ஜரையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் வேலை செய்யாமலோ வரிசையாகவோ இருந்தால் போய்ச் சேர 40 கிலோமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். மலேசியச் செயலிகளை வீட்டிலிருந்தே பதிந்து, கடனட்டையைச் சேர்த்து, காசு போட்டு வைத்துவிட்டுப் போங்கள். டிசியில் 80 விழுக்காடு வந்ததும் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் ஏறுவது ஆமை வேகம்.

ஜூரோங் பட்டறை

பராமரிப்பு. எஞ்சின் எண்ணெய் மாற்றம் இல்லை, பிளக் இல்லை, பெல்ட் இல்லை. ஏர்கான் வடிகட்டி 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒன்று, பிரேக் திரவம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்விப்புத் திரவமும் கியர் எண்ணெயும் கையேட்டில் உள்ளபடி. அவ்வளவுதான். பட்டறைக்கு வருகிற கோளாறு மூன்றே மூன்று.

ஒன்று, 12 வோல்ட் பேட்டரி. பெரிய மின்கலம் 90 விழுக்காடு இருக்கும், கதவு திறக்காது, செயலியில் கார் தெரியாது. பெரிய மின்கலத்தை இணைக்கும் ரிலேயை மூடுவதே இந்தச் சின்ன பேட்டரிதான். பெரும்பாலும் காரணம், கார் நிற்கும்போதும் படம் பிடிக்கும் டேஷ்கேம். அதன் இணைப்புப் பெட்டியில் வோல்ட் வெட்டு என்று ஒரு அமைப்பு உண்டு, ஈய பேட்டரி என்றால் 12.4க்கு வையுங்கள். வெளியூர் போகும்போது கேமராவைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது அது ஈயமா லித்தியமா என்று பார்த்து அதே வகையைப் போட வேண்டும், சார்ஜ் வோல்ட் இரண்டுக்கும் வேறு.

இரண்டு, பிரேக் தட்டுத் துரு. மோட்டாரே வண்டியை நிறுத்திவிடுவதால் பிரேக் கட்டைக்கு வேலை இல்லை, நம் ஈரக் காற்றில் பின்சக்கரத் தட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 60லிருந்து இரண்டு மூன்று முறை நன்றாக அழுத்தி நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காலிப்பர் ஊசிகளைக் கழற்றிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுச் சோதனைக்குப் போகும்போது இது கைகொடுக்கும்.

மூன்று, டயர். சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தால் முன்டயர் 20,000 கிலோமீட்டருக்குள் வழுக்கையாகும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். காற்று, கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவு, குளிர்ந்த டயரில். ஐந்து பிஎஸ்ஐ குறைந்தாலே தூரம் குறைவது திரையில் தெரியும்.

உரிமம் பெற்ற மின்பணியாளர்

தரைவீட்டுக்காரர்களுக்கு மட்டும். 7.4 கிலோவாட் பெட்டி 32 ஆம்பியர் இழுக்கும், அதுவும் ஆறு மணி நேரம் இடைவிடாமல். வீட்டு முதன்மைச் சுவிட்ச் 40 ஆம்பியர் என்றால், இரண்டு ஏர்கானும் ஒரு வெந்நீர் ஹீட்டரும் ஓடும்போது நிச்சயம் விழும். வீட்டின் மொத்த இழுப்பைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் பெட்டி வாங்குங்கள், அல்லது 16 ஆம்பியருக்குக் குறைத்து வையுங்கள். 3.6 கிலோவாட்டில் பத்து மணி நேரத்தில் 30 யூனிட்டுக்கு மேல் ஏறும், அன்றாடத்துக்கு அதுவே அதிகம். தனி வயர் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நீளம் அதிகமானால் 10. டிசி கசிவையும் கண்டுபிடிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வேண்டும், சாதாரண வகை அந்தக் கசிவில் செயலிழந்து நிற்கும். 2023 டிசம்பர் 8 முதல் மின்கார் சார்ஜர் சட்டம் நடப்பில் உள்ளது. நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் அளித்த பெட்டியாக இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒப்புதல் முத்திரை இல்லாததை வாங்கி வந்து மாட்டச் சொல்லாதீர்கள்.

பொங்கோல் வாசி

பழைய மின்கார் வாங்குவோர் இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மின்கல உத்தரவாதம் பொதுவாக 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், சிஓஇ 10 ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டு உங்கள் பொறுப்பு, அதனால் வாங்குமுன் அளந்துவிடுங்கள். விற்பவரிடம் 10 விழுக்காட்டில் கார் வேண்டும் என்று சொல்லுங்கள். ஏசி சார்ஜரில் 100 வரை போட்டு, ரசீதில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். பத்தில் ஒரு பங்கு இழப்பைக் கழித்து, 0.9ஆல் வகுத்தால் மின்கலத்தின் இப்போதைய கொள்ளளவு. 44.9 யூனிட் காருக்கு ரசீதில் 45ஐ ஒட்டி வந்தால் நலம். 40தான் வந்தது என்றால் பத்து விழுக்காட்டுக்கு மேல் இளைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) மின்கலத்தில் நடுப்பகுதியில் வோல்ட் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக இருக்கும். பல வாரம் முழுதாகப் போடாத கார், தன் விழுக்காட்டைத் தானே தப்பாகக் காட்டும். ஆகவே முதலில் ஒருமுறை 100க்கு ஏற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டி 10க்கு இறக்கிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விலையில் அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.