சிங்க் டிஸ்போசல் போடும் சத்தம், வழி சொல்லுங்கள்

வணக்கம். டெக்சாஸில் பழைய வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். சமையலறை சிங்க்கின் அடியில் உள்ள கார்பேஜ் டிஸ்போசலை (உணவுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு வெளியேற்றும் கருவி) போட்டால் வீடே அதிர்கிறது. அரைக் குதிரைத்திறன் மோட்டார், பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

பிரேக்கரை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பூன், எலும்பு எதுவும் கிடக்கவில்லை. கருவியின் அடித்துளையில் கால் அங்குல ஆலன் கீயை (அறுகோணச் சாவி) செருகிச் சுற்றினால் உள்ளே அரைக்கும் தட்டு தடையில்லாமல் சுழல்கிறது. தட்டின் மேலுள்ள இரண்டு உலோகத் துண்டுகளும் தாராளமாக ஆடுகின்றன (ஆடத்தான் வேண்டும், ஒன்று சிக்கிக்கொண்டாலும் தட்டு சமநிலை தவறி அதிரும்). சிங்க்கோடு பிடித்திருக்கும் வளையத்தின் திருகுகளை இறுக்கியதும் கடகடவென்ற ஆட்டம் குறைந்தது. ஆனால் காலியாக ஓடும்போதும் இரும்போடு இரும்பு உரசுகிற கிரீச் சத்தம் போகவில்லை. மோட்டாரின் அடியில் லேசாகத் தண்ணீரும் கசிகிறது.

சீல் போய், தண்ணீர் இறங்கி, பேரிங் தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். சரிதானா? பேரிங்கை மட்டும் மாற்றிய யாராவது உண்டா, இல்லை மொத்தமாகப் புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

புதிது என்றால், ஒலித்தடுப்பு உறை உள்ள முக்கால் குதிரைத்திறன் மாடல் நிஜமாகவே அமைதியாக ஓடுமா? எங்கள் சிங்க் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தட்டினாலே தகரம்போல் ஒலிக்கும். அதன் அடியில் ரப்பர் ஷீட் ஒட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டிஸ்போசலில் ஐஸ் கட்டி போட்டு அரைக்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அது உள்ளே ஒட்டிய அழுக்கைத்தான் எடுக்கும்.